கோட்டைத் தோட்டத்தில் ஒரு வாரியல்

1

“…அழிச்சதுதான் குத்தம்னா மொதல்ல அழிச்சது யாருன்னு கேளுங்க. தாத்தன் போட்டதப் பேரன் அழிச்சான். பேரன் போட்டத அவன் பேரன் அழிச்சான். அவன் போட்டத உருளக்கெழங்கு போட்டவுக அழிச்சாவ. இதெல்லாம் நீங்கதான எங்கிட்டச் சொன்னிய? இதுல எந்த நாள் கோலத்த இவுக அசல் கோலம்னு சொல்லுதாவ? இவுகள்ட்ட நல்லாக் கேளுங்க.”

என் மனைவி புஷ்பம் இதைச் சொன்னது ஸ்காட்லாந்தில், ஒரு கோட்டையின் தோட்டத்தில், போன செப்டம்பர் மாதத்து ஒரு காலையில். எதிரே கோட்டை அறக்கட்டளைக்காரர்கள் நாலைந்து பேர் மழைக்கோட்டும் கோப்புமாக நின்றுகொண்டிருந்தார்கள். புஷ்பம் கையில் பெருக்குகிற ஈர்க்கு வாரியல் இருந்தது. அவள் சொல்லி முடித்ததும் அத்தனை பேரும் என்னைப் பார்த்தார்கள். அன்றைக்கு நான்தான் மொழிபெயர்ப்பாளர்.

“உங்கள் மனைவி என்ன சொல்கிறார்?” என்று அறக்கட்டளைத் தலைவர் டங்கன் கேட்டார்.

என்னத்தைச் சொல்ல? முதலில் கோலத்துக்கே எனக்கு இங்கிலீஷ் வரவில்லை. மாவால் தரையில் போடும் படம் என்றால் பிள்ளைகள் விளையாட்டு என்று நினைப்பார். சடங்கு என்றால், ஏதோ சாமி சமாச்சாரம் என்று மரியாதையாகத் தலையை ஆட்டிவிட்டு, கோப்பில் ‘மத உணர்வு’ என்று எழுதிக்கொள்வார். இந்த ஊரில் ஒரு சொல் கோப்புக்குள் போய்விட்டால் அதை வெளியே எடுக்க வக்கீல்தான் வரவேண்டும். அதற்குள் புஷ்பம், “என்ன யோசிக்கிய? ஊருக்கெல்லாம் பேசுதிய, எனக்காக நாலு வார்த்த பேசமாட்டியளா?” என்று முழங்கையால் இடித்தாள்.

நான் என்ன சொன்னேன் என்பதைக் கடைசியில் சொல்லுகிறேன். அந்த இடத்துக்கு எப்படி வந்து மாட்டினோம் என்று முதலில் தெரியவேண்டும். ஊரில் இருப்பவர்கள், “ஆறுமுகநயினார் அங்க கோட்டையில வேல பாக்காராம்லா” என்று பெருமையாகப் பேசிக்கொள்வதாகக் கேள்வி. அந்தப் பெருமையின் லட்சணத்தையும் கொஞ்சம் தெரிந்துகொள்ளுங்கள்.

2

நான் தூத்துக்குடியில் ஒரு கப்பல் ஏஜென்சி ஆபீசில் இருந்தவன். படிப்பு பத்தாங்கிளாசோடு சரி. மிச்சமெல்லாம் வாய் கொடுத்து வாங்கியது. மச்சினன் கூப்பிட்டான் என்று இங்கே வந்து, ஓய்வு வயது வரைக்கும் மீனை ஐஸ் போட்டு அடுக்கும் குளிர்க்கிடங்கில் காலம் தள்ளினேன். ஓய்வு பெற்றதும் வாய் சும்மா இருக்கவில்லை. கோட்டையில் சம்பளமில்லாத வழிகாட்டிகள் தேவை என்று போர்டு வைத்திருந்தார்கள். போய் நின்றேன். சட்டையில் குத்திக்கொள்ள ஒரு வில்லை கொடுத்தார்கள். அதில் ஆறுமுகநயினார் என்று எழுத இடம் போதாது என்று சொல்லி ‘ஆரு’ என்று எழுதிவிட்டார்கள். யாரு என்று யாரும் கேட்கவில்லை.

என் வேலை, டிக்கெட் வாங்கி வருகிறவர்களுக்குத் தோட்டத்தின் கதையைச் சொல்வது. வாரம் முழுக்க வீட்டில் புஷ்பத்திடம் அதைத் தமிழில் சொல்லிப் பார்ப்பேன். அவள் வெங்காயம் உரித்துக்கொண்டே கேட்பாள். கதை இதுதான்.

ஆதியில் கோட்டைக்குத் தோட்டமே கிடையாது. சண்டைக்காலம். பகையாளி ஒளிந்து வருவான் என்று கோட்டையைச் சுற்றி ஒரு புதரைக்கூட விடமாட்டார்கள். மதிலுக்குள்ளே சமையலுக்குக் கீரை, காய்ச்சலுக்கு மூலிகை, அவ்வளவுதான். அது முதல் தோட்டம். அப்புறம் சண்டை ஓய்ந்தது. பிரான்ஸ் பக்கம் போய்வந்த ஒரு பிரபு, கீரையைப் பிடுங்கிவிட்டுக் குட்டைச் செடிகளை வேலியாக நட்டு, சுழிசுழியாகக் கத்தரித்து, நடுவில் செங்கல் பொடியும் வண்ணக் கல்லும் நொறுக்கிய சிப்பியும் பரப்பினான். மாடி ஜன்னலில் இருந்து பார்த்தால் கம்பளம் விரித்த மாதிரி இருக்கும். இது இரண்டாவது.

“சிப்பியா?” என்று புஷ்பம் முதல் தடவை கேட்டபோது உரித்த வெங்காயத்தைக் கீழே வைத்தாள். “நம்ம ஊர்ல சுண்ணாம்புக்குச் சுடுவாவளே, அந்தச் சிப்பியா?”

“அந்த மாதிரிதான்.”

“அப்ப கோலம்னு சொல்லுங்க. இதுக்குப் போய் இவ்வளவு நீட்டுதிய.”

அந்தக் கோலத்தை அந்தப் பிரபுவின் பேரன் அழித்தான். அவன் காலத்தில் நேர்கோடு, வட்டம், சுழி எல்லாம் நாகரிகமில்லை என்று ஆகிவிட்டது. மண்ணைப் புரட்டி, கோட்டை வாசல் வரைக்கும் புல்லை ஓடவிட்டு, அங்கங்கே மரத்தைக் கூட்டமாக நட்டு, கடவுள் செய்த காடு போலவே தெரியும்படி காசைக் கொட்டிச் செய்தான். மாடு தோட்டத்துக்குள் நிற்பதுபோல் தெரியவேண்டும், ஆனால் கிட்டே வந்துவிடக் கூடாது. அதற்காகக் கண்ணுக்குத் தெரியாமல் ஒரு பள்ளம் வெட்டினான். பார்வைக்கு இடைஞ்சல் என்று நாலைந்து குடிசைகளையும் மலைக்கு அந்தப் பக்கம் தூக்கிப் போட்டான். மூன்றாவது.

அவன் பேரன் கண்ணாடி வீடு கட்டினான். நிலக்கரி எரித்து அதற்குள் வெயில் உண்டாக்கி, சிவப்பும் மஞ்சளுமாகப் பூச்செடி வளர்த்து, புல்லை வெட்டிவிட்டுப் பாத்தி பாத்தியாக நட்டான். பனி வந்தால் அத்தனையும் குப்பை. அடுத்த கோடைக்கு மறுபடியும் புதிது. நான்காவது. அப்புறம் யுத்தம் வந்தது. பூவைப் பிடுங்கி உருளைக்கிழங்கும் வெங்காயமும் போட்டார்கள். மதில் சூழ்ந்த பகுதியைச் சின்னச் சின்னத் துண்டாக்கி ஊர்க்காரர்களுக்குக் காய்கறி போடக் கொடுத்தார்கள். அது ஐந்தாவது. யுத்தம் முடிந்து, பிரபு வம்சம் நொடித்து, கோட்டை அறக்கட்டளை கைக்குப் போயும் அந்தத் துண்டு நிலங்கள் மட்டும் இன்று வரைக்கும் ஊர்க்காரர்களிடமே இருக்கின்றன. சின்ன வாடகை.

இதிலே எனக்கு வந்த எரிச்சல் என்னவென்றால், மேனேஜர் மாறும்போதெல்லாம் கதையை மாற்றச் சொல்வார்கள். ஒருத்தர் காலத்தில் மூன்றாவது தோட்டத்தைப் புகழவேண்டும், இரண்டாவது வெறும் பகட்டு. அடுத்தவர் வந்தார். இரண்டாவதுதான் உன்னதம், மூன்றாமவன் அழிவுகாரன். அதே வாய், அதே இடம், அதே வில்லை. தோண்டிப் பார்த்து மண்ணுக்கடியில் பழைய சரளைக் கோடுகளைக் கண்டுபிடித்துவிட்டார்கள். இனி இரண்டாவது தோட்டத்தையே மறுபடியும் கொண்டுவரப் போகிறார்கள். வெளியூரில் இருந்து ஹெலன் என்று ஒரு தோட்ட வரலாற்றுக்காரி வந்து இறங்கினாள். நல்ல பெண்தான். முழங்காலில் எப்போதும் மண் இருக்கும்.

3

இதெல்லாம் எனக்குப் புதிதில்லை. தூத்துக்குடியில் எங்கள் ஆபீஸ் முன்னால் கைக்குட்டை அகலத்தில் ஒரு தோட்டம் இருந்தது. மெட்ராசில் இருந்து வந்த மேனேஜர் குரோட்டன்ஸ் வைத்தார். அடுத்து கொச்சியில் இருந்து வந்தவர், குரோட்டன்ஸ் பழைய மோஸ்தர் என்று பிடுங்கிவிட்டுப் புல் போட்டார். அந்தக் கிணற்றுத் தண்ணீருக்குப் புல் எங்கே நிற்கும்? ஒரே மாதத்தில் தேங்காய் நார் மாதிரி ஆனது. மூன்றாமவர் சிமெண்டைப் பூசி, துருப்பிடித்த நங்கூரம் ஒன்றை நீலப் பெயிண்ட் அடித்து நடுவில் நிறுத்தி, நாலு பேரைக் கூப்பிட்டு லட்டு கொடுத்தார்.

வாட்ச்மேன் அந்தோணி அண்ணாச்சி லட்டை வாயில் போட்டுக்கொண்டே என் காதில் சொன்னார்: “ஆளு மாறும்போதெல்லாம் செடிய மாத்துதாவ. தண்ணிய ஒருத்தனும் மாத்தலியே, தம்பி.”

அந்த வாக்கியத்தைக் கோட்டையில் எத்தனையோ தடவை மனசுக்குள் சொல்லியிருக்கிறேன். இங்கிலீஷில் சொல்லத்தான் ஆளில்லை.

4

புஷ்பம் ஏரல் பக்கத்துக்காரி. ஆற்றுப் பாசனத்து வீட்டில் பிறந்துவிட்டு, கல்யாணமாகித் தூத்துக்குடிக்கு வந்து, உப்புக்காற்றில் ஒரு கொத்தமல்லிகூட முளைக்காத வாசலைப் பார்த்து அழுதவள். அழுதாலும் அந்த வாசலைத் தினமும் பெருக்கித் தண்ணீர் தெளித்துக் கோலம் போட்டாள். எங்கள் தெருவில் ஒருத்தி கோலத்தை இன்னொருத்தி பார்க்காமல் போகமாட்டாள். பார்ப்பாள், ஒன்று சொல்வாள், “ஏளா, மூல இழுத்துக்கிட்டுல்லா நிக்கி” என்று குறையும் சொல்வாள். அதுதான் காலை வணக்கம். சாயங்காலத்துக்குள் சைக்கிளும் ஆடும் அதன்மேல் போய்விடும். யாரும் வருத்தப்பட்டதில்லை. மறுநாள் காலையில் பழைய கோலம் கிடந்தால்தான் வருத்தம். அந்த வீட்டில் ஆளுக்கு உடம்பு சரியில்லையோ, என்னமோ ஏதோ என்று எட்டிப் பார்ப்பார்கள்.

இங்கே வந்த புதிதில் அவள் பட்ட பாடு எனக்குத்தான் தெரியும். “இந்த ஊர்ல கதவத் தொறந்தா காத்துதான் உள்ள வருது, ஒரு ஆள் வரமாட்டேங்கு” என்பாள். எங்கள் ஃபிளாட் மூன்றாவது மாடி. வாசல் என்றால் கம்பளம் விரித்த ஒரு நடை. அதில் ஒருநாள் கோலம் போட்டதற்குக் கட்டட நிர்வாகத்தில் இருந்து கடிதம் வந்தது.

அப்புறம்தான் கோட்டை மதிலுக்குள் ஒரு துண்டு நிலத்துக்கு எழுதிப் போட்டேன். வரிசை வந்து சேர வருஷங்கள் ஆயின. கிடைத்த அன்றிலிருந்து அவள் வேறு ஆள். வெந்தயக்கீரை, கொத்தமல்லி, அந்தக் குளிருக்குத் தாங்குகிற பூசணி. எல்லாவற்றுக்கும் மேலே, பக்கத்துத் துண்டு நிலத்தில் மோரா.

மோரா பள்ளிக்கூடத்துச் சமையலறையில் வேலை பார்த்து ஓய்வு பெற்றவள். அவளும் மாடி ஃபிளாட்டுக்காரிதான். அவளுக்குத் தமிழ் தெரியாது, இவளுக்கு அவள் பேசும் ஸ்காட்லாந்து இங்கிலீஷ் பிடிபடாது. இரண்டு பேரும் அவரவர் பாஷையில் மணிக்கணக்காகப் பேசுவார்கள். நான் ஒருநாள் நடுவில் புகுந்து மொழிபெயர்க்கப் போனேன். “நீங்க சும்மா இருங்க, எங்களுக்குப் புரியுது” என்று இவள் விரட்டினாள். அந்தம்மாவும் அதே முகத்தோடுதான் பார்த்தாள்.

நிலத்துக்கு ஒரு சின்ன மரக்கதவு உண்டு. கதவுக்கு முன்னால் கல் பாவிய முற்றம். காலையில் போனதும் புஷ்பத்தின் முதல் வேலை அந்தக் கல்லைப் பெருக்கித் தண்ணீர் தெளித்து, கை அகலத்துக்கு ஒரு கோலம் போடுவது. மழை வந்து அழிக்கும். அவளுக்கு அதுவும் ஒன்றுதான். மோரா குனிந்து பார்த்து ஏதாவது சொல்வாள். ஒருநாள் பொடியைக் கையில் வாங்கித் தானும் இழுத்துப் பார்த்தாள். கோழி கிளறின மாதிரி வந்தது. இரண்டு பேரும் சிரித்த சிரிப்பில் மதில்மேல் இருந்த புறா எல்லாம் பறந்துவிட்டது.

பெருக்குவது ஊரில் இருந்து கொண்டுவந்த ஈர்க்கு வாரியலால். அது வந்த கதை தனி. ஏரல் சந்தையில் வாங்கி, சேலைக்குள் சுற்றிப் பெட்டியில் வைத்திருந்தாள். இங்கத்த ஏர்போர்ட்டில் பெட்டியைத் திறக்கச் சொன்னார்கள். தாவரப் பொருள், அறிவித்தீர்களா, பூச்சி இருக்கிறதா, என்ன மரம், எதற்கு என்று ஒரு இளவட்ட அதிகாரி விசாரணை. பெருக்குவதற்கு என்றேன். “எங்கள் நாட்டிலும் துடைப்பம் கிடைக்கிறதே” என்றான்.

புஷ்பம் என்னிடம், “அவன்ட்ட சொல்லுங்க, அவன் நாட்டு வாரியலு நின்னுகிட்டுப் பெருக்குதது. குனிஞ்சாத்தான் குப்ப கண்ணுக்குத் தெரியும்” என்றாள். நான் சொல்லவில்லை. சொல்லாததால்தான் வாரியல் வீடு வந்து சேர்ந்தது. அதற்குப் பிறகு ஊருக்குப் போக வாய்க்கவில்லை. ஆகவே அவளிடம் இருந்தது அந்த ஒன்றுதான். தேய்ந்து கட்டையானாலும் கயிற்றை இறுக்கி இறுக்கிக் கட்டி வைத்துக்கொள்வாள்.

5

போன ஆகஸ்டில் எங்கள் மகள் அனு கூப்பிட்டாள் என்று சனி, ஞாயிறு எடின்பரோ போயிருந்தோம். அனு பெரிய கம்பெனியில் இருக்கிறாள். வீட்டுக்குப் பின்னால் நல்ல இடம். அதில் பிளாஸ்டிக் புல் விரித்து வைத்திருக்கிறாள். மண்ணே வேண்டாமாம், பராமரிப்பு தொல்லையாம். சாப்பாடு முடிந்து ஜன்னல் வழியாகப் பார்த்த புஷ்பம் என்னைத் தொட்டுக் காட்டினாள். “அங்கன பாருங்க. புல்லுக்கு வாக்குவம் கிளீனர் போடுதா எம்மக.” சிரிப்பதா அழுவதா என்று தெரியாத முகம்.

நாங்கள் இல்லாத அந்த இரண்டு நாளில் ஹெலனும் அவள் ஆட்களும் மதிலுக்குள் வந்திருக்கிறார்கள். இரண்டாவது தோட்டம் எப்படி அமையும் என்று மாடி ஜன்னலில் இருந்து காட்டவேண்டுமே. அதற்காகக் கயிறு பிடித்து, அளவெடுத்து, கல் முற்றம் முழுக்க வெள்ளைச் சுண்ணப் பொடியால் சுழியும் வளைவுமாகக் கோடு போட்டார்கள். செடி கெட்டுவிடக் கூடாது என்று பெயிண்டைத் தவிர்த்துப் பொடி. திங்கட்கிழமை பத்து மணிக்கு, தோட்டத்துக்குப் பணம் தரப்போகிற பெரிய மனிதர்கள் வந்து ஜன்னலில் நின்று பார்ப்பதாக ஏற்பாடு. துண்டு நிலக்காரர்களுக்கு மெயில் அனுப்பியிருந்தார்களாம். புஷ்பத்தின் மெயில் அனுவின் போனுக்குப் போகும். அனு திறக்கவில்லை.

திங்கள் காலை ஏழு மணிக்கே புஷ்பம் போய்விட்டாள். மதிலுக்குள் நுழைந்ததும் முற்றம் நிறைய வெள்ளைக் கோலம். அவளுக்கு மனசு நிறைந்துவிட்டது. நாம் ஊரில் இல்லாதபோது மோரா நமக்காக இவ்வளவு பெரிதாகப் போட்டிருக்கிறாளே என்று சுற்றிச் சுற்றி வந்து பார்த்திருக்கிறாள். “புள்ளி வைக்காமப் போட்டிருக்கா. அதான் அங்கங்க கோணிக்கிட்டு நின்னிச்சு. ஆனா பாவம், எம்புட்டு நேரம் குனிஞ்சிருப்பா” என்று அப்புறம் என்னிடம் சொன்னாள்.

பார்த்து முடித்தபிறகு, காலையில் எந்த வீட்டு வாசலிலும் முந்தின நாள் கோலத்தை என்ன செய்வோமோ அதைச் செய்தாள். தண்ணீர் தெளித்து, ஒரு மூலை விடாமல், முற்றம் முழுவதையும் பெருக்கித் தள்ளினாள். துடைத்த கல்லில் மோராவுக்குப் பதில் மரியாதையாக ஒரு நல்ல சிக்குக் கோலமும் போட்டு வைத்தாள்.

பத்து மணிக்குப் பெரிய மனிதர்கள் மாடி ஜன்னலில் வந்து நின்றார்கள். கீழே ஈரக் கல்லும், நடுவில் ஒரு முழம் சிக்குக் கோலமும், ஓரத்தில் என் மனைவி பூசணிக்குத் தண்ணீர் ஊற்றிக்கொண்டிருப்பதும்தான் தெரிந்தது. மேலே யாரோ கையசைத்ததற்கு இவளும் கையசைத்திருக்கிறாள்.

6

அடுத்த வாரம் கடிதம் வந்தது. நடந்தது தற்செயலான சேதமா, வேண்டுமென்றே செய்த சேதமா, வானிலையால் ஏற்பட்ட சேதமா என்று கேட்டிருந்தார்கள். மூன்றில் ஒன்றைத் தொடவேண்டும். “இதுல பெருக்குனதுன்னு ஒண்ணு இல்லியா?” என்று புஷ்பம் கேட்டாள். இல்லை.

கடிதத்தின் அடுத்த பக்கம்தான் வயிற்றில் அடித்தது. தோட்ட வேலைக்காக, இந்த அறுவடையோடு மதிலுக்குள் இருக்கும் துண்டு நிலங்கள் எல்லாவற்றையும் எடுத்துக்கொள்ளப் போகிறார்கள். பதிலுக்குக் கார் நிறுத்தும் இடத்துக்குப் பின்னால் அதே வரிசையில் நிலம் தருவார்கள், அதாவது மோரா பக்கத்தில் புஷ்பம். ஆனால் விதிமீறல் பதிவாகியிருப்பவர்களுக்கு அது கிடையாது. எழுத்தில் மன்னிப்புக் கேட்டால் பதிவை நீக்கலாம். இல்லையென்றால் வரிசையின் கடைசியில் போய் மறுபடி நிற்கவேண்டும். எங்கள் வயசுக்கு அந்த வரிசை நகர்ந்து வருவதற்குள் கதை முடிந்துவிடும்.

மோரா இல்லாமல், அந்தக் கதவு இல்லாமல் இவள் மறுபடி மூன்றாவது மாடி ஜன்னலில் உட்காருவதை நினைத்து எனக்குத் தூக்கம் போனது. ஆபீசுக்குப் போனேன். போன் போட்டேன். ‘உங்கள் அழைப்பு எங்களுக்கு முக்கியம்’ என்று பாட்டுப் போட்டார்கள். அதே கட்டடத்தில் நான் சம்பளமில்லாமல் வில்லை குத்திக்கொண்டு நிற்கிறேன். என்னைப் பார்த்து, “இதற்கு இணையத்தில்தான் எழுதவேண்டும், ஆரு” என்கிறார்கள்.

இதற்கிடையில் அனு, எங்களைக் கேட்காமலே அறக்கட்டளைக்கு ஒரு மன்னிப்புக் கடிதம் எழுதி அனுப்பிவிட்டு, எங்களுக்கும் நகல் அனுப்பினாள். “அப்பா, எல்லாம் சரி பண்ணிட்டேன். அம்மா சைன் மட்டும் போட்டாப் போதும்” என்று போனில் சொன்னாள். நான் அதைப் புஷ்பத்துக்குத் தமிழில் வாசித்தேன். ‘என் தாயாருக்கு இந்த நாட்டின் பழக்கவழக்கங்கள் தெரியாது. அவருடைய பண்பாட்டுப் பின்னணியைக் கருதி…’

புஷ்பம் கையை உயர்த்தி என்னை நிறுத்தினாள். போனை வாங்கினாள்.

“ஏளா அனு, ஒன்ன நான் பெத்ததே இந்த நாட்டு ஆஸ்பத்திரியிலதான். எனக்கா இங்கத்த பழக்கம் தெரியாது?”

“அம்மா, ப்ளீஸ். அது சும்மா ஒரு ஃபார்மாலிட்டி. அப்படி எழுதினாத்தான் விடுவாங்க.”

“தெரியாமப் பெருக்குனேன்னு எழுதுத. நான் தெரிஞ்சுதான பெருக்குனேன்? வாசல்ல பழைய கோலம் கெடந்தா பெருக்கணும்னு தெரிஞ்சுதான் பெருக்குனேன்.”

“அது கோலம் இல்லம்மா!”

“அது ஒனக்குத் தெரியாது. ஒனக்குப் புல்லே தெரியாது.”

அனு, மீட்டிங் இருக்கிறது என்று சொல்லி வைத்துவிட்டாள். அனு மேல் எனக்குக் கோபம் வரவில்லை. அவள் அம்மாவைக் காப்பாற்றத்தான் பார்த்தாள். காப்பாற்றுகிற பாஷை அவளுக்கு அப்படி அமைந்துவிட்டது. புஷ்பம் அன்றைக்குச் சாப்பிடவில்லை. நிலம் போவதைவிட இதுதான் அவளைக் குடைந்தது. “எனக்குத் தெரியாதுன்னு எம்மவளே எழுதிக் குடுத்துட்டா” என்று பாத்திரத்தைத் தேய்த்துக்கொண்டே இருந்தாள்.

7

கடைசியில் நேரிலேயே வைத்துப் பேசித் தீர்க்கலாம் என்று தோட்டத்துக்கு வரச் சொன்னார்கள். முற்றத்தில் ஹெலன் மறுபடி வெள்ளைக் கோடு போட்டு முடித்திருந்தாள். கையெல்லாம் பொடி, முழங்காலில் மண். சுற்றிலும் கயிறு கட்டி, ‘பெருக்க வேண்டாம்’ என்று இங்கிலீஷில் பலகையும் வைத்திருந்தார்கள். புஷ்பம் வழக்கம்போல வாரியலோடு வந்திருந்தாள். மோரா அவள் பக்கத்தில் வந்து நின்றுகொண்டாள்.

டங்கன் நல்ல மனிதர். குரலை உயர்த்தவே இல்லை. மன்னிப்பு வாசகத்தைத் தானே திருத்தி எழுதிக்கொண்டு வந்திருந்தார். ‘பண்பாட்டுப் பின்னணி’ எல்லாம் போயிருந்தது. ஒரே வரிதான்: ‘தோட்டத்தின் அசல் வடிவமைப்பை நான் அறியாமல் அழித்தேன்.’ கீழே கையெழுத்துக்குக் கோடு.

நான் அதைத் தமிழில் சொன்னேன். காதோடு காதாக, “போட்டுரு புஷ்பம், மோரா பக்கத்துலயே எடம் தாராவ” என்றும் சொன்னேன்.

“அசலா?” என்றாள் அவள்.

அங்கேதான் தொடங்கியது, நான் ஆரம்பத்தில் எழுதிய பேச்சு. எந்த நாள் கோலத்தை அசல் என்கிறார்கள், கேளுங்கள் என்று என்னை இடித்தாள். நான் கோலம் என்ற சொல்லை மொழிபெயர்க்கும் எண்ணத்தையே விட்டேன். கோலம் என்றேன். எங்கள் பெண்கள் காலையில் வாசலில் போடுவது, மறுநாள் காலையில் தாங்களே அழித்துவிட்டு வேறு போடுவது என்றேன். இந்தத் தோட்டமும் நாலு தடவை அழிந்து ஐந்து தடவை போடப்பட்டது, அதை நான்தான் இவளுக்குச் சொன்னேன், உங்கள் வில்லையைக் குத்திக்கொண்டு ஊருக்கும் சொன்னேன், இதில் அசல் எது என்று என் மனைவி கேட்கிறாள் என்றேன். என் ஆயுளில் இங்கிலீஷில் அவ்வளவு நீளமாகத் தடுமாறாமல் பேசியது அன்றைக்குத்தான்.

கயிற்றுக்குள் இருந்த ஹெலன் கீழே தான் போட்ட கோடுகளையே பார்த்துக்கொண்டு நின்றாள்.

டங்கன் தொண்டையைச் செருமினார். “நல்ல கேள்விதான். அதைக் கூட்டக் குறிப்பில் சேர்த்துக்கொள்கிறோம். ஆனால் கையெழுத்து இல்லாமல் நான் அவருக்கு நிலம் ஒதுக்க முடியாது.”

அதை நான் சொல்லவேண்டிய தேவையே இல்லை. அவளுக்குப் புரிந்துவிட்டது. மோரா அவள் தோளைப் பிடித்தாள். நான் பேனாவை நீட்டினேன், வெட்கமில்லாமல். புஷ்பம் என் கையை ஒதுக்கினாள்.

“அறியாமன்னு எழுதி நான் ஒப்புப் போட மாட்டேன்னு சொல்லுங்க. அந்தப் புள்ளைட்ட மட்டும் வருத்தம் சொல்லுங்க. ரெண்டு நாளு குனிஞ்சு போட்டிருக்கா, இடுப்பு வலிச்சிருக்கும். இந்தத் தடவ நல்லா வந்திருக்குன்னும் சொல்லுங்க, மூல எங்கயும் இழுக்கல.”

சொன்னேன். ஹெலன் நிமிர்ந்து பார்த்தாள். அவள் கண் கலங்கியிருந்ததா, காற்றா, எனக்குத் தெரியவில்லை.

“இனிமே இது அவ வாசலு” என்றாள் புஷ்பம் என்னிடம். கயிற்றைத் தாண்டினாள். டங்கன் ஒரு அடி முன்னால் வந்து நின்றுவிட்டார். வெள்ளைக் கோடு ஒன்றின்மேலும் கால் படாமல், இடைவெளி பார்த்துப் பார்த்து நடந்து ஹெலனிடம் போனாள். வாரியலைக் கல்லில் ஒரு தட்டுத் தட்டி ஈர்க்குகளை ஒன்றுசேர்த்தாள். வாரியல் கயிற்றை இழுத்து இன்னொரு முடிச்சுப் போட்டாள். அதை ஹெலனின் பொடி படிந்த கையில் வைத்து, எப்படிப் பிடிக்கவேண்டும் என்று அவள் விரல்களை மடக்கிவிட்டாள்.